உன் அம்மா படத்தை நான் ஏன் தரவில்லை

தம்பி,

இதை உன் போனுக்கே அனுப்பியிருக்கலாம். நீயும் படித்துவிட்டு, கை கூப்புகிற பொம்மை ஒன்றைப் பதிலுக்குத் தட்டிவிட்டு, அடுத்த வேலைக்குப் போயிருப்பாய். அதனால்தான் பத்திரிகைக்கு எழுதுகிறேன். உன் அம்மா எப்படிச் செத்தாள் என்று நீ ஊர் உலகமெல்லாம் பார்க்கிற இடத்தில் எழுதிப் போட்டாய். அதற்குப் பதிலும் ஊர் உலகம் பார்க்கிற இடத்தில்தான் வர வேண்டும். உன் பெயரை எழுதவில்லை. என் பெயரையும் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நாம் யார் என்று தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் உனக்குத் திருப்பிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். உன் அம்மா போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டாள். நீ பெங்களூரில் வேலை பார்க்கிறாய். அங்கே இதய நோயாளிகளுக்கு உதவுகிற ஓர் அறக்கட்டளையோடு சேர்ந்து, அம்மாவின் நினைவாக நிதி திரட்டுகிறாய். வருகிற முதல் வருஷத் திதியன்று இங்கே தருமபுரத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில், அவள் பெயரில் இலவச இதயப் பரிசோதனை முகாம் வைத்திருக்கிறாய். அதற்காக இணையத்தில் ஒரு பக்கம், அந்தப் பக்கத்தில் ஒரு வீடியோ. மேடையில் வைக்க அவளுடைய பெரிய படம் வேண்டும் என்று என்னைக் கேட்டாய். நான் தரவில்லை. உன் பெரியம்மாவை விட்டுக் கேட்கச் சொன்னாய். அப்போதும் தரவில்லை. "அப்பாவுக்கு வயசாயிடுச்சு, புரியமாட்டேங்குது" என்று அவளிடம் சொன்னாயாம். வயதாகிவிட்டது, உண்மை. புரியாமல் இல்லை.

நான் எதையும் சுலபத்தில் நம்பமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் எரிந்த மோட்டார்களைப் பிரித்துப் படித்ததுதான். மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடையில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் நடந்ததை நடந்தபடி சொல்வதில்லை. அம்பகரத்தூரிலிருந்து உன் அம்மாவின் சித்தப்பா ஒரு முறை வந்தார். "ஓடிக்கிட்டே இருந்துச்சு மாப்ள, டக்குனு நின்னுடுச்சு. எல்லாம் இந்தக் கரண்டு பண்ற வேலை" என்று அரை மணி நேரம் மின்துறையைத் திட்டினார். நான் பிரித்துப் பார்த்துவிட்டு, "மாமா, போர்ல தண்ணி இருந்துச்சா?" என்று கேட்டேன். "இருந்துச்சு மாப்ள" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கொஞ்சம் முன்னாடி வரைக்கும்" என்றார். தண்ணீர் வற்றிய போரில் ஓடவிட்டுத்தான் மோட்டார் எரிந்திருக்கிறது. அவர் பொய்யர் இல்லை. நின்ற இடத்திலிருந்து கதையைத் தொடங்கினார், அவ்வளவுதான். யார் எதைச் சொன்னாலும் நான் பார்ப்பது அதைத்தான்: கதையை எங்கேயிருந்து தொடங்குகிறார்கள், அதற்கு முன்னால் என்ன இருந்தது.

உன் அம்மா இதற்கு நேர் எதிர். கை நீட்டியவர்களுக்கெல்லாம் கொடுப்பாள். நீ சின்னவனாக இருந்தபோது, காரைக்கால்மேட்டில் ஒரு கோயிலுக்குத் திருப்பணி என்று ஒருவர் வசூலுக்கு வந்தார். உன் அம்மா உள்ளே போய்ப் பணம் எடுத்து வந்து கொடுத்தாள். அவர் தெருமுனை திரும்பியதும் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். மீன் ஏலம் போடுகிற இடம் வரைக்கும் போய் நாலு பேரை விசாரித்தேன். கோயில் இருந்தது. வந்தவரும் அங்கேதான் இருந்தார். என்னைப் பார்த்து, "வாங்கய்யா, சாமி பார்க்கத்தானே வந்தீங்க" என்று பிடித்து உட்காரவைத்துச் சோறு போட்டுவிட்டார். வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா சிரித்த சிரிப்பு உனக்கு ஞாபகம் இருக்கும். "என்னாங்க, திருடனப் புடிச்சிட்டீங்களா?" என்றாள். "கோயிலு இருக்கு. ஆனா இன்னும் வெள்ளையே அடிக்கல" என்றேன். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அவள் நம்புவாள், நான் விசாரிப்பேன். இரண்டு பேரும் சேர்ந்துதான் ஒரு குடும்பம் நடந்தது. இப்போது நம்புகிறவள் இல்லை. விசாரிக்கிறவன் மட்டும் மிச்சம் இருக்கிறேன். அதனால் நீ கொஞ்சம் கஷ்டப்பட வேண்டியிருக்கும்.

போன மாதம் அறக்கட்டளை ஆட்களை அழைத்துக்கொண்டு வந்தாய். ஒரு பெண், ஒரு கேமராக்காரர். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள், குறை சொல்லவில்லை. ஆனால் வந்தவுடன் கூடத்தைப் பார்த்துவிட்டு அவள் முகம் சுருங்கியதை நான் கவனித்தேன். டி.வி. இருக்கிறது, தரையில் டைல்ஸ் போட்டிருக்கிறது, பிரிட்ஜ் இருக்கிறது. பிரிட்ஜ் சத்தம் மைக்கில் விழுகிறது என்று நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன். பிறகு பிரிட்ஜே படத்தில் விழாத மாதிரி என்னைக் கொல்லைப்புறத்துக்கு நகர்த்தினார்கள். அங்கே பொங்கலன்று மட்டும் பற்றவைக்கிற மண் அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். நான் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேமராக்காரர், "அய்யா, வீட்ல எப்பவும் பனியனோடதானே இருப்பீங்க? அப்படியே இருங்களேன், இயல்பா இருக்கும்" என்றார். "ஆளுங்க வந்தா சட்டை போடுறதுதான்யா எனக்கு இயல்பு" என்றேன். நீ பக்கத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு நடந்ததும் உனக்குத் தெரியும். ஆனால் எழுதிவைக்கிறேன். நான் முதல் தடவை சொன்னபோது, காலையில் எழுந்ததிலிருந்து தொடங்கினேன். அந்தப் பெண் நடுவில் கையைக் காட்டி நிறுத்தினாள். "அப்பா, இது ரொம்ப நீளமா போகுது. அந்தக் கடைக்காரம்மா சோடா குடுத்தாங்கல்ல, அந்த இடத்துலேர்ந்து ஆரம்பிங்க" என்றாள். "நான் இன்னும் அதச் சொல்லவே இல்லையேம்மா, ஒனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டேன். அவள் உன்னைப் பார்த்தாள். நீ என்னைப் பார்க்கவில்லை. "சரிப்பா, நான் கேக்குறேன், நீங்க ஆமான்னு மட்டும் சொல்லுங்க. சோடா குடுத்தாங்களா?" என்றாள். கொடுத்ததென்னவோ உண்மை. "ஆமா" என்றேன். "அதுக்கப்புறம்தான் ரொம்ப மோசமாச்சா?" மோசமானதும் அதற்குப் பிறகுதான். "ஆமா" என்றேன். இந்த இரண்டு ஆமாவையும் சேர்த்து ஒட்டி, பின்னால் வீணை வாசித்து, என் முகத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, நீ போட்டிருக்கிறாய். கீழே எழுதியிருப்பதையும் பார்த்தேன். "நெஞ்சு வலித்தபோது பக்கத்துக் கடைக்காரப் பெண் என் அம்மாவுக்குச் சோடா கொடுத்தார். அந்தச் சோடாவில் வீணான நேரம் என் அம்மாவின் உயிர். அறியாமைதான் என் அம்மாவைக் கொன்றது." நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். படிக்கிறவனுக்குப் பையிலே கை போகும்.

முகாமைப் பற்றியும் எனக்குச் சந்தேகம் உண்டு, அதையும் மறைக்கவில்லை. மண்டபம் பார்க்க வந்த உங்கள் ஆளிடம், "நெஞ்சுல கோளாறு இருக்குன்னு கண்டுபுடிச்சா அடுத்தது எங்க அனுப்புவீங்க?" என்று கேட்டேன். "அதுக்கெல்லாம் டை-அப் இருக்குங்கய்யா" என்றார். "யாரோட?" என்றேன். "இன்னும் பேசிக்கிட்டு இருக்கோம்" என்றார். இலவசமாகக் கூப்பிட்டுப் பயமுறுத்தி, காசுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைப்பதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் ஆட்கள் அப்படி என்று சொல்லமாட்டேன், அப்படி இல்லை என்றும் எனக்குத் தெரியாது. ஏழைப்பட்டவன் யார் வந்தாலும் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் சீட்டு எழுதுவோம் என்று மண்டப வாசலிலேயே எழுதிப் போடச் சொல். அதைச் செய்தால் அந்தச் சந்தேகத்தை நான் விட்டுவிடுகிறேன். படம் தராததற்குக் காரணம் அது இல்லை.

காரணம் அந்தக் கடைக்காரப் பெண். மல்லிகா என்று வைத்துக்கொள்கிறேன், உண்மைப் பெயரை அச்சில் ஏற்ற எனக்கு மனம் இல்லை. அவள் பெயரை நீயும் எழுதவில்லைதான். வீடியோ நம் தெருவுக்கு வந்து சேர்ந்த மறுநாளே அவள் என்னிடம் வந்தாள். "அண்ணே, நான் அந்த வீடியோவுல இருக்கேனாமே. எம் பேரு போட்டுருக்கா?" என்று கேட்டாள். "பேரு இல்லம்மா" என்றேன். "தெருவுல இருக்குறது ஒரு கடை. பேரு எதுக்குண்ணே?" என்றாள். அழவில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நடந்ததை நீ பெங்களூரில் இருந்து பார்த்திருக்க முடியாது. மாடி வீட்டு மாப்பிள்ளை கடை முன்னால் வண்டியை நிறுத்தி, "அக்கா, ஒரு சோடா குடுங்க. மொதல்ல ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டுக் குடுங்க" என்கிறான். நாலு பேர் சிரிக்கிறார்கள். ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி, "இவ கையால தண்ணி வாங்கிக் குடிச்சிடாதடி" என்று விளையாட்டாகச் சொன்னாளாம். விளையாட்டுத்தான். மல்லிகா இப்போது சோடா எடுப்பதில்லை. வண்டிக்காரரிடம் பாட்டில் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தெருவில் பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லை என்றால் முன்பெல்லாம் அவள் வீட்டுக்குள் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். இப்போது வாசலோடு நின்றுவிடுகிறாள். யாராவது கேட்டால், "எனக்கு என்ன தெரியும், டாக்டர்கிட்டப் போங்க" என்கிறாள். உன் நிதி திரட்டலில் நல்ல பலன் வந்திருக்கிறது என்று நீ சொல்லிக்கொள்ளலாம். அறியாமை ஒழிந்துவிட்டது.

இந்தச் சோடாக் கதை உனக்கு எங்கே கிடைத்தது என்று நான் ரொம்ப நாள் யோசித்தேன். நான் சொல்லவில்லை. பிறகுதான் பிடிபட்டது. நீ பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தபோது அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். மல்லிகா அவள் காலைக் கட்டிக்கொண்டு, "எங் கையால சோடா குடுத்தேனே அண்ணி, பாவி நான் குடுத்தேனே" என்று அழுதுகொண்டிருந்தாள். நீ கேட்டது அதைத்தான். தம்பி, நம் பெண்கள் சாவு வீட்டில் எப்படி அழுவார்கள் என்பதுகூடவா உனக்கு மறந்துபோயிற்று? செத்தவள் மேல் பழி போடமாட்டார்கள், சாமி மேல் போட்டால் பாவம். பழியைத் தங்கள் தலையிலேயே அள்ளிப் போட்டுக்கொள்வார்கள். உன் பெரியம்மா, "போன வாரம் கூப்புட்டியே, நான் வராம போனேனே, அதனாலதானே போய்ட்ட" என்று அழுதாள். உன் அத்தை, "நான் குடுத்தனுப்புன கருவாட்ட தின்னுதானே" என்று அழுதாள். அந்தக் கருவாட்டை உன் அம்மா தொடவே இல்லை, பூனை தின்றது. தபால்காரர்கூட வந்து நின்று, "முந்தாநாள் பார்த்தப்ப முகம் வாடியிருந்துச்சு, நான் கேக்காம போய்ட்டேன்" என்றார். அழுகையை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டால், உன் அம்மாவைக் கொன்றவர்கள் என்று ஊரில் பாதிப் பேரைப் பிடித்து அடைக்க வேண்டும். இத்தனை பேர் பழி ஏற்றுக்கொண்டார்கள். அதில் ஒருத்தியை மட்டும் நீ பொறுக்கி எடுத்தாய். ஏன் அவளை எடுத்தாய் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

அன்றைக்குக் காலையில் நடந்ததை நான் அந்த அறக்கட்டளைப் பெண்ணிடம் சொல்ல முடியாமல் போனது. இங்கே சொல்கிறேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வந்த உன் அம்மா, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். இடது தோளைப் பிசைந்துவிட்டுக்கொண்டாள். "என்னமோ நெஞ்ச அடைக்கிற மாதிரி இருக்குங்க" என்றாள். வேர்த்திருந்தது. நான் ஆட்டோவுக்குச் சொல்லட்டுமா என்றேன். "இருங்க, தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குறேன்" என்று போனை எடுத்தாள். காது சரியாகக் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டுத்தான் எப்போதும் பேசுவாள். அதனால் நீ சொன்னது அத்தனையும் எனக்கும் கேட்டது. "நேத்து ராத்திரி என்னம்மா சாப்ட்ட?" என்றாய். "ரெண்டு வாழைக்கா பஜ்ஜிடா, சொர்ணம் வீட்ல குடுத்தாங்க" என்றாள். நீ சிரித்தாய். "அப்ப வாய்வுதாம்மா. ஒனக்கு வேற என்ன வரப்போகுது? ஒரு சோடா வாங்கிக் குடிச்சிட்டு, கொஞ்சம் நட. ஏப்பம் வந்தா சரியாயிடும். மீட்டிங் ஆரம்பிக்கப் போகுது, முடிச்சிட்டுக் கூப்புடுறேன்." அவ்வளவுதான் நீ பேசியது. போனை வைத்துவிட்டு உன் அம்மா என்னிடம், "கேட்டீங்கல்ல, வாய்வுதானாம். மல்லிகா கடையில ஒரு சோடா வாங்கிட்டு வாங்க" என்றாள். நான் வாசலில் இருந்தே குரல் கொடுத்தேன். மல்லிகா பாட்டிலை உடைத்து, தானே உள்ளே கொண்டுவந்து, அவள் கையில் கொடுத்தாள்.

இதற்கு மேல் உனக்குத் தெரியும். சோடாவைக் குடித்துவிட்டுக் கூடத்தில் நடந்தாள். நீ நடக்கச் சொன்னாய் என்பதற்காக நடந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், செய்ய வேண்டியதைச் செய்தார்கள், தஞ்சாவூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். நீ மீட்டிங் முடிந்து கூப்பிட்டபோது நாங்கள் ஆம்புலன்ஸில் இருந்தோம். அம்பகரத்தூர் தாண்டவில்லை. தான் பிறந்த ஊர் ஓரத்தில் போய்விட்டாள்.

இந்த ஒரு வருஷத்தில் நீ அந்தப் போனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சோடாவைப் பற்றி ஊருக்கே பேசினாய். உன் இணையப் பக்கத்தில் கதை சோடாவிலிருந்து தொடங்குகிறது. மறந்துவிட்டாயோ என்று முதலில் நினைத்தேன். மனிதனுக்கு அப்படியும் மறக்கும். ஆனால் நீ ஆம்புலன்ஸில் இருந்த என்னைக் கூப்பிட்டு, அம்மா சரிந்துவிட்டதை நான் சொன்னபோது, "என்னாச்சுப்பா, சோடா குடிச்சும் கேக்கலையா?" என்று கேட்கவில்லை. "எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும்தான் கேட்டாய். சொன்னது உறுத்தாதவன் முதலில் சோடாவைப் பற்றித்தான் கேட்டிருப்பான். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "வாய்வுன்னு நெனச்சோம்" என்று சொன்னேன். நினைத்தோம் என்று சொன்னது உன்னையும் உள்ளே வைத்து மூடத்தான். சோடா வாங்கக் குரல் கொடுத்தவன் நான். அதனால் அந்தப் பேச்சு எனக்குப் பொய்யாகவும் படவில்லை. நீ அந்த மூடியைத் திறந்து, உன்னை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு, மல்லிகாவை உள்ளே வைத்து மூடிவிட்டாய். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நானும் பாதிக் கதை சொன்னவன் ஆவேன். போனை வைத்தபோது உன் அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். அதுவரைக்கும் பயந்திருந்தாள். உன் குரலைக் கேட்டதும் அந்தப் பயம் போய்விட்டது. "சிரிக்கிறான் பாருங்க, அப்ப ஒண்ணுமில்ல" என்றாள். அவள் உன்னைக் கூப்பிட்டது வைத்தியம் கேட்க இல்லை, ஒன்றுமில்லை என்று நீ சொல்லிக் கேட்க. நீ சொன்னாய். ஐந்நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிற எந்தப் பிள்ளையும் அதைத்தான் சொல்லியிருப்பான். கோபத்தில் இருந்தாலும் இதை நான் மறைக்கமாட்டேன். நீ அவளைக் கொல்லவில்லை. மல்லிகாவும் கொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரும் கொல்லவில்லை என்பதற்கும், அவள் கொன்றாள் என்று நீ எழுதுவதற்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது.

நிதி திரட்டாதே என்று நான் சொல்லவில்லை. முகாம் நடக்கட்டும். ஒருத்தர் பிழைத்தாலும் நல்லது. ஆனால் சோடா கொடுக்காதீர்கள் என்று ஊருக்கு எழுதிப் போட்டு என்ன பிரயோஜனம்? சொன்ன பேச்சைக் கேட்டு எடுத்துக் கொடுக்கிறவள் மல்லிகா. நம் பக்கத்தில் எந்த வீட்டில் இப்போது பிள்ளை கூட இருக்கிறது? சென்னையில் ஒன்று, சிங்கப்பூரில் ஒன்று. மேலுக்கு முடியவில்லை என்றால் தாய் தகப்பன் முதலில் கூப்பிடுவது டாக்டரை இல்லை, பிள்ளையை. பிள்ளை படித்தவன், அவன் சொன்னால் சரி. பிள்ளையும் பாசத்தில், ஒன்றுமில்லை என்கிறான். முகாம் வாசலில் நீ வைக்கிற ஃப்ளெக்ஸில் எழுத வேண்டியது அதுதான். "நெஞ்சு வலிக்குதுன்னு அம்மா போன் பண்ணா, என்ன சாப்ட்டன்னு கேக்காதீங்க. போன வச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. நான் கேட்டேன்." கடைசியில் இருக்கிற அந்த ‘நான் கேட்டேன்’ இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் போதனை. உங்கள் ஆட்கள் இதற்குக் காசு வராது என்பார்கள். வராவிட்டால் போகட்டும்.

ஆகவே என் பேச்சு இதுதான். அந்த வீடியோவையும் சோடா வரிகளையும் எடு. நடந்ததை முதலிலிருந்து எழுது. அதற்கு முன் ஊருக்கு வந்து மல்லிகாவிடம் அதைச் சொல். சாயங்காலமாக வா, தெருவில் ஆள் இருக்கிற நேரமாகப் பார்த்து. மாடி வீட்டு மாப்பிள்ளை இருந்தால் இன்னும் நல்லது. இவ்வளவும் நடந்தால், உன் அம்மா படத்தை நானே துடைத்து, பூப் போட்டு, மண்டபத்துக்கு எடுத்து வருகிறேன். முதல் ஆளாக நானே சட்டையைக் கழற்றி, இதயம் பார்க்கிற அந்த மிஷினில் படுக்கிறேன். நடக்காவிட்டால், மேடையில் யார் படத்தை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், அவள் படம் இருக்காது. பெரியம்மாவை அனுப்பாதே, மாமாவை அனுப்பாதே. நான் மாறமாட்டேன்.

மல்லிகாவுக்கு அந்தப் போன் விஷயம் இன்றுவரை தெரியாது. நான் சொல்லவில்லை. அது உன் வாயால் வர வேண்டியது என்று ஒரு வருஷம் காத்திருந்தேன். போன வாரம் உன்னிடம் இதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். "வேண்டாம்ணே, தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்க, அதுவே அம்மா இல்லாம கெடக்கு. நான்தான் யோசிக்காம குடுத்துட்டேன்" என்றாள். அவள் இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு எனக்குக் காத்திருக்க மனம் வரவில்லை. இன்று காலையில் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். நகலை உனக்கும் கூரியரில் போட்டிருக்கிறேன். பத்திரிகைக்காரர்கள் எப்போது போடுவார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. மல்லிகா பொட்டலம் மடிக்க வாங்குகிற பழைய பத்திரிகைகளை, மடிப்பதற்கு முன் ஒன்றுவிடாமல் படிக்கிறவள். அதற்கு முன் நீ வந்துவிட்டால், இதை அவள் உன் வாயால் கேட்டவள் ஆவாள். பிந்திவிட்டால், கிழித்து மடிக்க எடுத்த தாளில் படிப்பாள்.

அப்பா